கணக்கு வராத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு

“எழுதப் படிக்கச் சிரமப்படுற பிள்ளைங்களுக்கு ஒரு பேப்பர் எழுத வேணாம்னு விட்டுடுறாங்களாமே சார், கணக்குக்கும் அந்த மாதிரி ஏதாச்சும் உண்டா?”

கேட்டவர் எங்கள் தெருக்காரர். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மற்ற பாடங்களில் எழுபது, எண்பது வாங்குகிறவள் கணக்கில் பத்தைத் தாண்டுவதில்லை. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: நம் மாநில வாரியத்தில் விலக்கு என்றால் அது மொழிப்பாடத்துக்குத்தான், கணக்குக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் படிப்பை முடிவுசெய்ய முடியாது. டீ குடித்துக்கொண்டே பேசுவோம் என்று உட்காரவைத்து, முதலில் அவளுடைய நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

402 − 178 என்று ஒரு கணக்கு. விடை 376. பக்கத்தில் சிவப்பு மையில் ‘கவனம் தேவை’. அடுத்த கணக்கு 503 − 267. விடை 364. இதற்கும் சிவப்புச் சுழி. கவனமில்லாத பிள்ளையின் தப்பு ஒரு கணக்கில் ஓரிடத்தில் இருக்கும், அடுத்ததில் வேறிடத்தில் இருக்கும். இவளுடையது அப்படி இடம் மாறவே இல்லை. நூறு, பத்து, ஒன்று என்று ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று அவள் பார்ப்பதே இல்லை. 0-விலிருந்து 7 போகாது, 7-இலிருந்து 0 போகும்; ஆகவே 7. விதி தப்பு. ஆனாலும் அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள்.

இதை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது. கடன் வாங்கிக் கழிப்பதை அவசரமாகச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகளும் இதையேதான் செய்யும். நாலு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கையில் கொடுத்து, “இதிலிருந்து 178 ரூபாய் எடுத்துக் கொடு” என்றால், நூறு ரூபாயைச் சில்லறை மாற்றியாக வேண்டும் என்பது தானாகவே தெரியவரும். சில வாரம் இப்படிப் பழக்கினால் பெரும்பாலான பிள்ளைகளிடம் அந்தத் தப்பு விதி உதிர்ந்துவிடும். உதிராவிட்டால்தான் வேறு கேள்விகள் கேட்க வேண்டும். தட்டில் நாலு பிஸ்கட் இருப்பதை எண்ணாமல், பார்த்தவுடன் சொல்கிறாளா? 8 + 5-க்கு இந்த வயதிலும் விரல் மடக்குகிறாளா? அதுவும் எட்டுக்குமேல் எண்ணாமல் ஒன்றிலிருந்தே தொடங்குகிறாளா? 98-க்குப் பக்கத்தில் இருப்பது 89-ஆ 102-ஆ என்று கேட்டால் தடுமாறுகிறாளா? முள் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?

“கடைக்கு அனுப்பினா குடுக்கிற மீதிய அப்படியே வாங்கிட்டு வந்துடுவா சார். எண்ணிப் பாக்க மாட்டா. கேட்டா அழுவா.”

இப்படி எண்ணே பிடிபடாமல் போகும் குறைபாட்டுக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற ஆய்வாளர் 1974-இல் இதை விளக்கி எழுதினார்: மற்ற அறிவுத்திறன்கள் வயதுக்கேற்றபடி இருக்க, எண்ணைக் கையாளும் திறன் மட்டும் வளர்ச்சியிலேயே பின்தங்கிவிடுவது. நூற்றுக்கு மூன்றிலிருந்து ஏழு பிள்ளைகளுக்கு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு. அப்படியென்றால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் அவர்களை ‘மக்கு’ வரிசையில் உட்காரவைப்பதுதான் வழக்கம்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா என்றால் இன்று ஓரளவு எல்லாருக்கும் தெரியும். 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படத்துக்கு அதில் பங்கு உண்டு. அதில் வரும் பையன் 3 × 9 = 3 என்றும் எழுதிவைப்பான்; நமக்கு நினைவில் நின்றதோ ஆடும் எழுத்துகள் மட்டும்தான். சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடே கிடையாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. டிஸ்கால்குலியா என்ற பெயரும் அதன் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் தேர்வில் என்ன மாற்றம் செய்து தரவேண்டும் என்று சொல்லும் 17-ஆம் பிரிவைப் படித்தால், அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவை மூன்று: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு. ‘போன்றவை’ என்ற பொருளில் ஒரு சொல் இருப்பதால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. ஆனாலும் கணக்கு அங்கே பேர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

சலுகைகள் எல்லாமே, விடை தெரிந்தும் எழுத முடியாத பிள்ளையை நினைத்துச் செய்தவை. அடுத்து என்ன செய்வது என்றே தெரியாத பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால், அவள் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருப்பாள். இதைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. சலுகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரல் மடக்கி எண்ணுகிறவளுக்கு நேரம் நிச்சயம் உதவும். சொல்வதை எழுதுபவரும் உதவுவார். ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். “இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, பை ஐந்து” என்று அவள் சொன்னால் எழுதுபவர் எதை எழுதுவார்? 2x + 3 முழுவதும் மேலே, 5 கீழேயா? அல்லது 3 மட்டும் 5-இன் மேலா? அவர் கேட்கவும் முடியாது, திருத்தவும் கூடாது. “பெரிய கோடு போடுங்க, கோட்டுக்கு மேல இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, கோட்டுக்குக் கீழ ஐந்து” என்று சொல்லிப் பழகாத பிள்ளை, தெரிந்த கணக்கிலும் மதிப்பெண் இழக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை இது.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100, எல்லாமே எழுத்துத் தேர்வு. அறிவியலில் செய்முறைக்கு 25 உண்டு. கணக்கில் அப்படி எந்தக் கைகொடுப்பும் இல்லை. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35. எல்லாப் பள்ளியிலும் ஒரு வாய்ப்பாடு ஓடும்: “ஜியாமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு, ஒரு மார்க் பதினாலு, அதோட ஒரு அஞ்சு மார்க், பாஸ்.” கூட்டிப் பாருங்கள், சரியாக 35 வரும். நானே இதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எண் பிடிபடாத பிள்ளைக்கு இந்த வாய்ப்பாட்டில் பாதிதான் பலிக்கும். வடிவியலைப் பாருங்கள். கொடுத்த முக்கோணத்துக்கு 3/5 அளவில் வடிவொத்த முக்கோணம் வரையச் சொல்கிறார்கள். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கதிர், அதில் சம இடைவெளியில் ஐந்து வில், ஐந்தாவது புள்ளியை மறுமுனையோடு சேர்ப்பது, மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாக ஒரு கோடு. ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வரிசை தப்பாத கைவேலை. கை நடுக்கமோ இடவுணர்வுச் சிக்கலோ இல்லாத பிள்ளை இதைத் திரும்பத் திரும்பப் போட்டே பிடித்துக்கொள்ளும்.

வரைபடம் அப்படி இல்லை. y = x² + x − 2 வரைய வேண்டும் என்றால் முதலில் அட்டவணை. x = −3 என்னும்போது வர்க்கம் 9; ஒன்பதிலிருந்து மூன்று, பிறகு இரண்டு போனால் 4. இவள் −9 என்று எழுதுவாள். அது −14-இல் போய் முடியும். புள்ளி கிராஃப் தாளைவிட்டே வெளியே போய்விடும். எட்டு மதிப்பெண்ணும் அந்த அட்டவணையில்தான் தொலைகிறது, வளைவில் இல்லை. அதனால் நான் ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். x −4-இலிருந்து 4 வரை போகும்போது y வரிசை 10, 4, 0, −2, −2, 0, 4, 10, 18 என்று வரும். இறங்கி வந்த அதே எண்களில் ஏறிப் போகிறதா பார். போகவில்லை என்றால் எங்கேயோ குறி தப்பியிருக்கிறது. கணக்கிட முடியாத பிள்ளைக்கும் வரிசையைப் பார்த்து ‘இது சரியில்லை’ என்று சொல்ல முடியும். அவரிடம் தாளில் எழுதிக் காட்டியபோது, “இதை எனக்கு யாரும் சொல்லலியே சார்” என்றார்.

“சி.பி.எஸ்.இ.-ல கணக்கே எடுக்காம பத்தாவது முடிக்கலாம்னு என் மச்சான் சொல்றாரு.”

மச்சான் சொல்வது சரிதான். மத்திய வாரியத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி எடுத்துக்கொண்டு, மீதி நான்கு பாடங்களைக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், இன்னொரு மொழி, இசை, ஓவியம், மனையியல் முதலான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கணக்கு அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. விண்ணப்பித்துக் கேட்டால் சாதாரண கால்குலேட்டருக்கும் அனுமதி உண்டு. கணக்கை விட வேண்டாம் என்று நினைத்தாலும் 2020 தேர்விலிருந்து இரண்டு வகைத் தாள்கள் இருக்கின்றன, ஸ்டாண்டர்டு, பேசிக். பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே. பேசிக் தாளில் கேள்விகள் எளிது. எழுத்துத் தேர்வு 80-க்கு, பள்ளி மதிப்பீடு 20-க்கு, இரண்டும் சேர்த்து 33 வந்தால் தேர்ச்சி. நம்முடைய 100-க்கு எழுதி 35 வாங்குவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு லேசு என்று கணக்கு வராதவருக்கும் தெரியும்.

சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. ஓவியமும் மனையியலும் வாரியத்தின் பட்டியலில் இருக்கும், பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருக்க மாட்டார். ‘எங்களிடம் அந்தப் பாடம் இல்லை’ என்பதோடு பல பள்ளிகளில் பேச்சு முடிந்துவிடும். பாடத்தேர்வு ஒன்பதாம் வகுப்புப் பதிவிலேயே நடந்துவிடுவதால், பத்தாம் வகுப்பு ஜனவரியில் போய்க் கேட்பதிலும் பயனில்லை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. 1989-இல் தொடங்கியது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஒரு மொழியாவது உள்ளிட்ட ஐந்து பாடங்கள், கணக்கு கட்டாயமில்லை. ஒரே மூச்சில் எழுத வேண்டியதும் இல்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள், தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும். ஒவ்வொரு பாடமாகக் கரையேறும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வகுப்பறை, சிநேகிதிகள், காலை மணி எல்லாம் போய்விடும். நன்றாகப் படிக்கிற, பேச்சுத்துணையை விரும்புகிற ஒரு பெண்ணை ஒரே ஒரு பாடத்துக்காக வீட்டில் உட்காரவைப்பது எனக்கு ஒப்பவில்லை. மாநில அரசு வேலை எண்ணம் இருந்தால், அந்தச் சான்றிதழ் இங்கே எதற்கெல்லாம் செல்லும் என்று அன்றைய அரசாணையைப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இவை எதுவும் இல்லை, மகாராஷ்டிரத்தினுடையது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு முறையாகத் தேர்வுச் சலுகை அறிவித்த முதல் மாநிலம் அது, 1996-இல். அங்கே பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தையும் வடிவியலையும் விட்டுவிட்டு, ஏழாம் வகுப்புத் தரத்துக் கணக்கையும் கைத்தொழில் சார்ந்த பாடம் ஒன்றையும் எடுத்து எழுத வழிசெய்தார்கள். கணக்கே வேண்டாம் என்று அந்த மாநிலம் சொல்லவில்லை. எந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்டது. சதவீதம், வட்டி, லாப நட்டம், பரப்பளவு இவை இல்லாமல் நகைச்சீட்டும் கட்ட முடியாது, வீட்டுக்கு டைல்ஸும் வாங்க முடியாது. இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் தன்மை தெரியாமல் ஒரு மனுஷி எண்பது வயது வரை சௌக்கியமாக இருக்கலாம். மொத்தமாக விலக்குக் கொடுப்பது தாராளமாகத் தெரியும். பதினாறு வயதோடு அந்தப் பிள்ளைக்கு எண் கற்றுத்தர இனி யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடுவதும் அதில்தான்.

விலக்கு எடுத்தால் பிறகு எந்த வாசல்கள் அடைபடும் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கிடையாது. அது அவளுக்கு எப்படியும் வேண்டாம். பாலிடெக்னிக் போனால் முதல் வருடத்திலேயே கணக்கு காத்திருக்கும். வணிகவியலில் கணக்குப்பதிவியல் பெரும்பாலும் கூட்டல் கழித்தலும் ஒழுங்கும்தான், கால்குலேட்டரோடு சமாளிக்கலாம், ஆனால் சி.ஏ. என்று ஆசை வைத்தால் அதன் முதல் படியிலேயே வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாள். வரலாறு, தமிழ், ஊடகம், ஆடை வடிவமைப்பு, சமையற்கலை இங்கெல்லாம் தடை குறைவு. ஆடை வடிவமைப்பில் அளவு நாடா உண்டு என்பதை மறக்கக் கூடாது. உளவியல் என்றார் அவர், “அவ நல்லா பேசுவா சார், மத்தவங்க கஷ்டத்தைக் கேப்பா.” உளவியல் பட்டப்படிப்பில் புள்ளியியல் உண்டு. டிஸ்கால்குலியா இருக்கிறதா என்று இவளைச் சோதிக்கப்போகும் உளவியலாளரும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

சோதனை பற்றிச் சொன்னதும் பேச்சு கொஞ்சம் நின்றது. எட்டு வயதுக்குமேல் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. முதலில் கண், காது, பொது உடல்நிலை. பிறகு அறிவுத்திறன் சோதனை. அது சராசரி அளவில் இருந்தால், வாசிப்பு, எழுத்து, எண்கணிதம், நினைவு, கண்-கை ஒருங்கிணைப்பு இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு.

“மாற்றுத்திறனாளின்னு போட்டுத்தானே சார் குடுப்பாங்க? பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு நாலு பேரு கேட்டா?”

இதற்குச் சமாதானமாக ஏதோ சொல்லிவிடலாம். நான் சொன்னது இவ்வளவுதான்: அந்தக் காகிதத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது இல்லாமல் எந்த வாரியத்திலும் எந்தச் சலுகையும் கேட்கவும் முடியாது. எடுத்து பீரோவில் வையுங்கள். தேர்வுக்கு முன் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். தேர்வுக்கு முன் வேண்டும் என்று தோன்றி, அப்போது கையில் இல்லை என்றால்தான் சிரமம்.

“அப்ப சி.பி.எஸ்.இ.-க்கே மாத்திடலாமா?”

வேண்டாம் என்றேன். தமிழில் சரளமாகப் படிக்கிற பிள்ளை. ஆங்கிலவழிக்கு மாற்றினால் இன்று எண்பது வாங்கும் பாடங்களும் நாற்பதுக்கு இறங்கும். ஒரு பாடத்தைக் காப்பாற்ற நாலு பாடத்தைப் பணயம் வைக்கக் கூடாது. இங்கேயே இருக்கட்டும், 35-ஐ நோக்கி இரண்டரை வருடம் இருக்கிறது. அந்த நேரத்தில் முதல் ஆறு மாதத்தை எட்டாம் வகுப்புப் பாடத்துக்கே செலவழிக்கக் கூடாது. டியூஷன் மாஸ்டரிடம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நூறு ரூபாய் நோட்டையும் காசையும் எடுத்து இடமதிப்பிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்.

“அரையாண்டு வருதே சார். பத்து மார்க் அஞ்சு மார்க்னு வாங்கினா?”

வாங்கட்டும். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அந்த விதியால் பயன் கிடைக்க வேண்டிய பிள்ளை என்றால் இவள்தான். பிறகு ஒரு தாளில், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கவேண்டியவற்றை எழுதிக்கொடுத்தேன். வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநர் நம் பள்ளிக்கு எந்த நாளில் வருகிறார்? இந்த வருட மதிப்பீட்டு மருத்துவ முகாம் எங்கே, எப்போது? அதற்குப் பெயர் கொடுக்க என்னென்ன காகிதம் வேண்டும்?